மஞ்சள் பால்காரியும் சமையலறை ஆணியும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பால்காரி தொங்குகிறாள். முகம், கை, எதிரே மேசையில் இருக்கும் பாண், பின்சுவர் எல்லாமே காமாலை பிடித்தது போல மஞ்சள். பால்கூட மஞ்சள்தான். ஒல்லாந்து ஓவியர் யொஹான்னஸ் வெர்மீர் 1660 ஆம் ஆண்டளவில் வரைந்த படம் அது. பால்காரி என்று பெயர் நிலைத்துவிட்டதே தவிர, அவள் பால் விற்பவள் அல்ல. ஒரு வீட்டின் சமையல்கட்டில் வேலை செய்பவள். இணையத்தில் தேடி, முதலில் வந்த படத்தைத் தரவிறக்கி, தெருமுனையில் இருக்கும் கொமினிகேஷனில் கொடுத்து அச்சடித்துச் சட்டம் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்ததும் கோபம் வந்தது. திரும்பிப் போய்க் கடைக்காரத் தம்பியிடம் மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் என் கைத்தொலைபேசியை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "படமே மஞ்சள்தான் அக்கா" என்றார்.

அவர் சொன்னது சரி. பிறகு தேடிப் படித்தபோது, இந்தப் படத்துக்கு அது பழைய நோய் என்று தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் மூலப்படத்தை வைத்திருக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் இதே தொல்லையை அனுபவித்தது. இணையம் முழுவதும் தரம் குறைந்த மஞ்சள் பிரதிகள் பரவிக் கிடந்ததால், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிறமுள்ள அஞ்சலட்டையைப் பார்வையாளர்கள் நம்ப மறுத்தார்களாம். இதற்கு ஒரே மருந்து நல்ல படத்தைத் தாங்களே இலவசமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். இன்று அவர்களுடைய தளத்தில் பால்காரியைத் துணியின் நெசவு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தரவிறக்கவும் காசு இல்லை. எனக்கு இது தெரியவந்தபோது படத்துக்குச் சட்டம் போட்டாகிவிட்டது. அந்த மஞ்சளை மாற்றவில்லை. தேடியதும் முதலில் வருவதைக் கண்ணை மூடி எடுக்காதே என்று காலையில் தேநீர் போடும்போதெல்லாம் அது எனக்குச் சொல்கிறது.

இணையத்தில் கலை படிக்கும் இந்தப் பித்து பிடித்தது 2022 இல். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. மகள் அப்போது பத்தாம் வகுப்பு. க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்திருந்தாள். தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலைக்குரிய சிறப்பியல்புகளை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த படம் முத்திரையளவு. அதுவும் கறுத்துப்போய், சிலைக்கு முகம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். கலை என்றால் எனக்குத் தெரிந்தது பொங்கலுக்கு வாசலில் போடும் கோலம் மட்டும்.

உதவி செய்கிறேன் என்று இறங்கிய நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க முடிவெடுத்தேன். லாஸ்கோ குகை ஓவியங்கள், பிறகு எகிப்து, பிறகு மெசொப்பொத்தேமியா. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் உலகக் கலை வரலாற்றைக் கால வரிசையிலும் நாடு வாரியாகவும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மிக நல்ல வேலை. ஆனால் மூன்றாவது வாரம் மெசொப்பொத்தேமியாவில் நான் சேற்றில் புதைந்துவிட்டேன். திறந்து வைத்த பக்கங்கள் நாற்பது. மனதில் நின்றது ஒன்றுமில்லை. தாரா பல ஆயிரம் ஆண்டுகள் தள்ளி எங்கோ நின்றுகொண்டிருந்தாள். "நாளைக்குக் கொடுக்க வேண்டும் அம்மா" என்று மகள் சொன்ன பிறகுதான் புத்தி வந்தது.

தாராவிலிருந்தே தொடங்கினோம். மூலச்சிலை லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சேகரிப்புத் தளத்தில் பெயரை அடித்தால் வந்துவிடும். பொன் முலாம் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டு, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிழக்குக் கரையில் கிடைத்தது என்று போட்டிருந்தது. உயர்ந்த கொண்டையின் முன்புறத்தில் ஒரு குழிவு இருக்கிறது. அதில் சிறிய புத்தர் உருவம் ஒன்று இருந்திருக்க வேண்டும். வலது கை கொடுக்கும் பாவனையில் கீழே விரிந்திருக்கிறது. மகள் கைத்தொலைபேசித் திரையில் இரண்டு விரல்களால் படத்தை விரித்துக்கொண்டே போனாள். உள்ளங்கை ரேகைவரை போய்விட்டு, "சின்னச் சிலைதானே, சுவாமி அறையில் வைக்கலாம் போலிருக்கிறது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. ஆனால் கணக்குப் பார்ப்பவளின் கண் எப்போதும் இலக்கத்துக்குத்தான் போகும். பக்கத்தின் கீழே விவரப் பட்டியலில் உயரம் 143 சென்ரிமீற்றர் என்றிருந்தது. தையல்பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துவந்து, கதவு நிலையில் அந்த உயரத்துக்கு ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டினேன். மகள் அதன் அருகில் போய் நின்றாள். துண்டு அவளுடைய தாடைக்கு வந்தது. அப்படியே நின்றுகொண்டு, "அம்மா, இவ்வளவும் உள்ளே வெறுமை இல்லாமல் முழு வெண்கலமா?" என்று கேட்டாள். ஆமாம், முழுவதும் திண்மமாக வார்த்தது. அந்தக் கேள்வி திரையைப் பார்த்து வந்ததில்லை. கதவு நிலையைப் பார்த்து வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் இது. அளவை வாசிக்காமல் படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. திரை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடுகிறது; கோபுரமும் குங்குமச்சிமிழும் அதில் ஒன்றுதான். யப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை சுவர் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தோம்; அது ஏ3 தாளைவிடச் சின்ன மர அச்சுப்படம். பால்காரியும் 45.5 க்கு 41 சென்ரிமீற்றர்தான். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்கதவுக்குள் அடங்கிவிடுவாள். இன்னோர் ஒல்லாந்து ஓவியரான றெம்பிராண்ட்டின் 'இராக்காவல்' என்ற படத்தையோ நாடாவால் அளக்கவே முடியவில்லை. அதன் உயரம் 379.5, அகலம் 453.5, எங்கள் வீட்டுக் கூரை ஒன்பது அடியில் முடிந்துவிடுகிறது. இடம் போதாத முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். 1715 இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துச் சுவருக்கு அடங்கவில்லை என்று அந்தப் படத்தின் நான்கு பக்கங்களையும் வெட்டியே விட்டார்கள்! கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் செயலியில், கைத்தொலைபேசிக் கமராவின் வழியாக ஓவியத்தை அதன் உண்மையான அளவில் உங்கள் அறைக்குள் நிறுத்திக் காட்டும் வசதி உண்டு. அது வேலை செய்யும் தொலைபேசி இருந்தால் நல்லது. என்னிடம் இருப்பது அளவுநாடா.

அந்த இராக்காவல் படத்தை 2022 சனவரியில் ரைக்ஸ் அருங்காட்சியகம் 71,700 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக வெளியிட்டது. 8,439 புகைப்படங்களை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். இதைப் பார்ப்பதற்கு எங்களிடம் மின்சாரம் இருந்தால்தானே! இரவு நேர டேட்டா மலிவு என்பதால் அலாரம் வைத்து எழும்பி, தேவையான படங்களைத் தரவிறக்கி வைப்பேன். மாலையில் இருட்டும்போது மடிகணினியின் பற்றரியில் மிச்சம் இருக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரே ஒரு படம். வேறு படத்துக்குத் தாவ வழியில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், பார்க்கப் பழகியது அந்த மின்வெட்டில்தான். மின்சாரம் சீரான பிறகு நாங்கள் அவ்வளவு பொறுமையாக எதையும் பார்த்ததில்லை.

பால்காரியின் ஆணியைக் கண்டது அப்படி ஒரு மாலையில். இந்த முறை சரியான நிறப் படம், அருங்காட்சியகத் தளத்திலிருந்து எடுத்தது. பாலின் மெல்லிய தாரையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நாங்களும் அங்கிருந்து தொடங்கிப் பாணுக்குப் போனோம். பாணின் மொரமொரப்பு முழுவதும் வெள்ளைப் புள்ளிகள்; கிட்டப் போனால் பாண் காணாமல் போகிறது, புள்ளிதான் மிஞ்சுகிறது. ஏப்ரனின் நீலம் வைடூரியம் அல்ல, லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்த விலைகூடிய நிறம். வேலைக்காரியின் ஏப்ரனுக்கு அதைப் பூசியிருக்கிறார். யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று நான் மூடப் போனபோது மகள் தடுத்தாள். "சுவரில் ஆணி இருக்கிறது அம்மா." வெறும் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதற்குக் குட்டி நிழல். அங்கங்கே முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள். எதுவுமே தொங்காத ஆணியை எதற்காக ஒருவர் நிழலோடு வரைய வேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசினோம். சில மாதங்கள் கழித்து, அந்த ஆண்டு செப்ரெம்பரில் ஒரு செய்தி வந்தது. அந்தச் சுவரில் முதலில் குடுவைகள் தொங்கும் ஒரு பலகையையும், கீழே ஒரு கணப்புக் கூடையையும் வெர்மீர் வரைந்து, பிறகு அழித்துவிட்டதை ஆய்வில் கண்டுபிடித்திருந்தார்கள். சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு ஆணியை மட்டும் விட்டிருக்கிறார் மனிதர்.

அந்தப் படம் வரையப்பட்ட அதே ஆண்டுகளில்தான், 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. அவர்களுக்கு வேண்டியிருந்தது நம்முடைய கறுவா. பாடப்புத்தகத்தில் வரலாறு ஒரு பக்கத்திலும் சித்திரம் இன்னொரு பக்கத்திலும் கிடப்பதால் இரண்டும் சந்திப்பதே இல்லை. (நாம் பாண் என்று சொல்வதும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஒல்லாந்தன் வரைந்த பாணுக்குப் போர்த்துக்கேயன் வைத்த பெயர், சொல்வது தமிழ் வாய்.)

இனி நடைமுறை விடயங்கள் சில. ஸ்மார்ட்ஹிஸ்டரி என்ற இலவசத் தளத்தில் இரண்டு கலை வரலாற்றாசிரியர்கள் ஒரு படைப்பின் முன்னால் நின்று பேசிக்கொள்வது போன்ற குறுங்காணொளிகள் நிறைய இருக்கின்றன. ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்க, நல்ல சம்பாஷணை. நான் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். எனக்குப் பட்டதைக் கொப்பியில் எழுதிய பிறகுதான் ஒலி. முதலிலேயே கேட்டுவிட்டால் அவர்களுடைய கண்ணால்தான் பார்ப்போம். ஆங்கிலம் ஓடினால் வேகத்தை முக்கால் ஆக்கி, திரையில் வசன எழுத்தையும் போட்டுக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படங்களைப் பயன்படுத்தும் உரிமை தளத்துக்குத் தளம் வேறு. மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 இல் மூன்றேமுக்கால் இலட்சம் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. பொது உரிமைக் குறி உள்ள படத்தைப் பையில் அச்சடித்து விற்றாலும் கேட்க ஆளில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படங்களை வணிகம் அல்லாத தேவைக்கு, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். மகளின் ஒப்படைக்கு இரண்டும் போதும். கண்காட்சியில் விற்கும் வாழ்த்து மடலுக்கு இரண்டாவது ஆகாது.

தமிழில் என்ன கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெர்மீரைத் தமிழில் தேடினால் கிடைப்பது சொற்பம். ஆனால் நம்மவர்களைப் பற்றித் தேட, 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கிவரும் நூலகம் தளம் ஒரு சுரங்கம். யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவை நான் அறிந்தது அங்கே கிடந்த பழைய சஞ்சிகைகளில்தான். 1933 இல் பிறந்து 2000 இல் மறைந்த அந்த மனிதரின் படைப்புகளில் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்து போயின. ரைக்ஸ் அருங்காட்சியகம் ஒரு படத்தை ஆயிரக்கணக்கான புகைப்படமாக எடுக்கிறது. இங்கே ஒரு வாழ்நாள் வேலைக்கு மங்கிய கறுப்பு வெள்ளை அச்சுத்தான் மிச்சம். அன்று மேற்கொண்டு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கலைச்சொல் தேடுபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2019 இல் தொடங்கிய இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் மும்மொழி விளக்கங்களை ஒப்பிட்டுப் படியுங்கள். நுழைவு இலவசம். என் கொப்பியின் பின்பக்கச் சொற்பட்டியலில் பாதி அங்கே நின்று எழுதியது.

படம் எங்கே இருக்கிறது, எப்படி அங்கே போனது என்ற வரியும் அளவைப் போலவே முக்கியம். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருநாள் ஒரு வெண்கலச் சிலையை அனுப்பி, பொலன்னறுவை மண்ணில் கிடைத்த சோழ இளவரசி என்று எழுதியிருந்தார். ஒரே நேரத்தில் பதினெட்டு கும்பிடுகள் விழுந்தன. எனக்கு அந்த நீண்ட இடது கை ஏற்கெனவே பழக்கமானது போல் இருந்தது. படத்தைப் படத்தாலேயே தேடும் வசதியில் போட்டேன். அது வொஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பது. சோழ அரசி செம்பியன் மாதேவியாக இருக்கலாம் என்று கருதப்படும் பத்தாம் நூற்றாண்டுச் சிலை. அங்கே 1929 இல் சேர்ந்தது. பொலன்னறுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். குழுவில் போடாமல் தனியே எடுத்து, "சித்தப்பா, நீங்கள் அனுப்பிய சிலை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், பெரிய கதை கிடைத்தது" என்று தொடங்கினேன். அவரே குழுவில் திருத்தம் போட்டார், தானே கண்டுபிடித்தவர் மாதிரி. போகட்டும்.

தாராவின் பக்கத்திலும் அந்த வரி இருக்கிறது. தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுண்றிக் 1830 இல் கொடுத்தது. கண்டியை 1815 இல் கைப்பற்றியது அவர் காலத்தில்தான். மேலுடல் திறந்திருக்கிறது என்று சிலையை முப்பது ஆண்டளவில் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்களாம். இங்கே வழிபட்டதை அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் 1765 இல் கண்டியிலிருந்து கொண்டுபோன, வெள்ளியும் பொன்னும் இழைத்து மாணிக்கக்கல் பதித்த சிறு பீரங்கியையும் நாங்கள் ஆம்ஸ்டர்டாம் தளத்தில்தான் முதலில் பார்த்தோம். 2023 டிசெம்பரில் அதுவும் வேறு ஐந்து பொருட்களும் கொழும்புக்குத் திரும்பி வந்தன. திரையில் விரல் வைத்துப் பெரிதாக்கிய பொருள் பஸ் தூரத்துக்கு வந்துவிட்டது!

கொழும்பு தேசிய அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர்தான். அந்தப் பீரங்கியைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைவரை நான் அங்கே கடைசியாகப் போனது பள்ளிச் சுற்றுலாவில். ஆம்ஸ்டர்டாம் சுவரின் ஆணியை அறிந்தவளுக்கு, பொலன்னறுவைச் சிவாலயத்தில் 1907 அளவில் எடுத்த வெண்கலங்கள் இங்கே இருப்பது தெரியாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1914 இல் இந்த வெண்கலங்களைப் பற்றி எழுதிய நூலை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் வருடி வைத்திருக்கிறார்கள். அதைத் தரவிறக்கிக்கொண்டு இரண்டாவது முறை போனேன், இந்த முறை தனியாக. மகளுக்குச் சாதாரண தரம் முடிந்துவிட்டது. உயர்தரத்துக்கு வர்த்தகம் எடுத்துவிட்டாள்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் முன்னால் நின்று, கைத்தொலைபேசியில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும் எதிரே நிற்பவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இளைஞர். உடல் மெல்ல ஒரு பக்கம் வளைந்து, நடந்துகொண்டிருந்தவர் யாரோ கூப்பிட்டு நின்றுவிட்டது போல் இருக்கிறது. பழைய படத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் முகம் இறுக்கமாகத் தெரிந்தது. நேரில் அப்படி இல்லை. ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் முகம் மலர்கிறது. திரும்பி வந்தால் அடங்கிவிடுகிறது. திருக்கேதீச்சரத்தைப் பாடியவர் இந்தப் பிள்ளைதானா என்று தோன்றியது. நான் அப்படி இரண்டு மூன்று தடவை இங்கும் அங்கும் நகர்ந்திருக்க வேண்டும். கையில் தொலைபேசியும் இருந்தது. காவலர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். படம் எடுக்கவில்லை, பார்க்கிறேன் என்று சொல்லி, திரையில் இருந்த நூற்றாண்டுப் பழைய பக்கத்தைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிலையைப் பார்த்தார். நான் நகர்ந்தது போலவே ஒரு எட்டு இடப்பக்கம் வைத்து, மறுபடியும் பார்த்தார். தொலைபேசியை என்னிடம் திருப்பித் தராமலே, அறையின் அந்தப் பக்கம் கதிரையில் இருந்த மற்றக் காவலரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.